பிழை எழுதும் கட்டம்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சரியாகச் சொல்ல எனக்கே மூன்று மாதம் பிடித்தது. எழுதிவைத்தால் ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி வாசிப்பார்கள். அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். எங்கள் தமிழ்க் கிரிக்கெட் கழகத்தில் அவரைக் 'கொரியன்' என்றார்கள். சிலர் கண்ணைப் பார்த்துவிட்டு 'சைனீஸ்' என்றார்கள். 'நீ பாக்கிஸ்தானியா' என்று ஒஸ்லோவில் பதினைந்து வருடமாகக் கேட்கப்பட்டு எரிச்சல்பட்ட அதே வாய்கள்தான்.

அவர் கேட்க மறுத்த ஒரு மன்னிப்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மூன்று இடங்களில் அவரிடம் அதைக் கேட்டார்கள். மூன்றாவது இடத்தில் கேட்டவர்களில் நானும் ஒருவன். அந்த வெட்கம் இன்னும் எனக்கு இருக்கிறது.

சும்மா சொல்லக்கூடாது, 'மன்னிக்கவும்' என்ற சொல்லில் அவர் கஞ்சத்தனம் காட்டியவர் இல்லை. ரயிலில் யாருடைய காலையாவது மிதித்துவிட்டால் இடுப்புவரை குனிவார். கோப்பி சிந்தினால் குனிவார். கதவை ஒருவர் முகத்தில் சாத்திவிட்டால் ஓடிப்போய்த் திறந்துவிட்டுக் குனிவார். ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் அந்தச் சொல் அவரிடம் கிடையாது. ஓடியதற்கு அவர் மன்னிப்புக் கேட்க மாட்டார்.

நாங்கள் இருவரும் ஒஸ்லோவில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்தோம். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துவாய்களும் வண்டி வண்டியாக வரும். அழுக்குப் பக்கம் நான், சுத்தப் பக்கம் அவர். இரண்டு பேருக்கும் வீடு எல்லிங்ஸ்ருட்டில். மலைக்குள்ளே குடைந்து வைத்திருக்கும் அந்தக் கடைசி ரயில் நிலையத்தில் காலை ஐந்தரைக்கு ஏறினால் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டே போவோம். நொர்ஸ்க், அதாவது நோர்வே மொழி, அவருக்கும் அரைகுறை, எனக்கும் அரைகுறை. அதனால் எங்களுக்குள் ஒரு நாளும் விளங்காமல் போனதில்லை. அந்த மொழியில் நீ, நீர், நீங்கள் எல்லாம் ஒன்றுதான். ஆனால் என் நினைவில் அவர் என்னோடு யாழ்ப்பாணத் தமிழில், 'நீர்' போட்டுத்தான் கதைக்கிறார். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அவரை நான் முதன்முதல் ஒழுங்காகப் பார்த்தது ஒரு துவாய் வண்டி சரிந்த நாளில். ஆளுயரத்துக்கு அடுக்கிய வெள்ளைத் துவாய்களோடு ஒரு வண்டி சரிவுப் பாதையில் இறங்கியபோது சக்கரம் கழன்றது. பக்கத்தில் நின்ற நான்கு பேரும், நானும் சேர்த்து, 'ஐயோ' என்றபடி பார்த்துக்கொண்டு நின்றோம். மண்டபத்தின் மறுகோடியில் நின்ற மனிதர் ஓடி வந்தார். நிலத்தில் மஞ்சள் கோடு போட்டிருக்கும், இயந்திரம் ஓடும்போது அதைத் தாண்டக் கூடாது. அவர் கோட்டைப் பார்க்கவே இல்லை. விழுந்துகொண்டிருந்த அடுக்கை நெஞ்சால் தாங்கிப் பாதியைப் பிடித்துவிட்டார். மீதிப் பாதி நிலத்தில் கொட்டுண்டது.

மேற்பார்வை பார்க்கும் நோர்வேஜியப் பெண் நல்ல மனுசிதான், ஆனால் சட்டம் சட்டம். ஒரு தாளை நீட்டினாள். அதில் இரண்டு வரி இருந்தது: மஞ்சள் கோட்டைத் தாண்டினேன். அதற்காக வருந்துகிறேன். அவர் முதல் வரியை நிதானமாக வாசித்துத் தலையாட்டினார். இரண்டாவது வரியை ஒரே கோட்டால் வெட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு சொல்லுத்தானே, விட்டுத் துலைச்சிருக்கலாமே" என்றேன் ரயிலில்.

"கோட்டைத் தாண்டினது உண்மை. அதை ஒத்துக்கொண்டன். வருந்தேல்லை. அதை எப்பிடி எழுதிறது?"

"கையைக் காலை இயந்திரம் இழுத்திருந்தால்?"

"இழுக்கேல்லையே."

எனக்குச் சினம் வந்தது. நின்று பார்த்த நான்கு பேரிடமும் யாரும் ஒரு தாளையும் நீட்டவில்லை என்பது மறுநாள்தான் உறைத்தது.

சாப்பாட்டு அறையில் என் கருவாட்டுக் குழம்பும் அவருடைய கிம்ச்சி என்ற புளித்த காரக் கோவாவும் திறபட்டால் மற்றவர்கள் யன்னலைத் திறப்பார்கள். பனிகாலத்திலும் திறப்பார்கள். அதனால் எங்களுக்கென்று ஒரு மேசை அமைந்தது. அந்த மேசையில்தான் அவர் தன் நாட்டில் ஒன்பது வருடம் தொழில்முறை பேஸ்போல் ஆட்டக்காரராக இருந்தவர் என்று அறிந்தேன். அதையும் நானாகக் கேட்டுத்தான் அறிந்தேன்.

"அப்ப நீர் பெரிய ஆள். சனம் உம்மடை பேரைச் சொல்லிக் கத்தும், என்ன?"

"என்னை இறக்கினால் சனம் வீட்டை போக வெளிக்கிடும்" என்றார். "ஆட்டம் முடியப்போகுது எண்டு அர்த்தம்."

ஒன்பது சுற்று ஆட்டத்தில் எட்டாவது, ஒன்பதாவது சுற்றில்தான் அவரை இறக்குவார்களாம். அணி ஒன்றிரண்டு ஓட்டங்கள் முன்னுக்கு நிற்கும்போது, நன்றாக அடிக்கத் தெரிந்த ஆனால் ஓடத் தெரியாத ஒருவரை வெளியே எடுத்துவிட்டு, அவரை மைதானத்தின் வலது கோடியில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். மட்டையைத் தொடாமலே முழு மாதமும் போனதுண்டாம். பந்தும் பெரும்பாலும் அந்தப் பக்கம் வராது.

"பிறகு அங்கை என்ன செய்வீர்? நிண்டு மேகத்தைப் பாப்பீரோ?"

"ஓடுவன்."

மேசையில் சீனிப் பொட்டலங்களை வைத்துக் காட்டினார். யாராவது பந்தைத் தடுத்து அடித்தவர் ஓடிச் சேரவேண்டிய முதலாவது தளத்துக்கு எறியும்போது அது தவறிப் பின்னால் போகக்கூடும். போனால் எடுப்பதற்கு வலது கோடியில் நிற்பவர் ஒவ்வொரு முறையும் ஓடிவந்து பின்னால் நிற்க வேண்டும். நூறு தடவை ஓடினால் ஒரு தடவை தவறுமோ தவறாதோ. மற்ற நேரமெல்லாம் வந்த வழியே திரும்பி நடக்க வேண்டியதுதான். ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். தொலைக்காட்சியிலும் விழாது.

"ஒன்பது வருசம் சும்மா ஓடினீரோ!"

"சும்மா இல்லை" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்தது. "ஒரு தரமும் ஓடாமல் விடேல்லை."

நான் ஓடாத ஆள். ஒருநாளும் ஓடியதில்லை. சின்ன வயதிலிருந்தே மைதானத்தின் ஓரத்தில் மேசை போட்டு ஸ்கோர் எழுதுவதுதான் என் விளையாட்டு. என் ஆயுளில் ஒரு கட்ச் பிடித்ததில்லை. ஆனால் எங்கள் தமிழ்க் கழகத்தின் கிரிக்கெட் ஸ்கோர் புத்தகம் பதினொரு வருடம் என் கையில் இருந்தது. என் எழுத்தைப் பார்த்து ஸ்தவாங்கர், பேர்கன் நகரக் கழகங்கள்கூடப் பொறாமைப்பட்டன என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. அந்தப் புத்தகத்தை ஒருநாள் வேலைக்குக் கொண்டுபோய் அவருக்குக் காட்டினேன். கட்டம் கட்டமாக விரல் வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"இது ஓட்டம். இது விக்கெட். இது ஓவர். பிழை எங்கை எழுதுவீர்?"

"என்ன பிழை?"

"பந்தைத் தடுக்கிறவர் விட்டால், பிழை எண்டு அவற்றை பேரிலை எழுதிறதில்லையோ? எங்கடையிலை அதுக்கு ஒரு கட்டம் இருக்கு. எழுதிறதுக்கெண்டே மேலை ஒரு ஆள் இருப்பார்."

"எங்கடையிலை இல்லை. ஆர் கட்சை விட்டாலும் புத்தகத்திலை வராது" என்றேன் பெருமையாக.

அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். முகம் சுருங்கியது.

"அப்ப, ஓடினவர் ஆர், நிண்டவர் ஆர் எண்டு பிறகு எப்பிடித் தெரியும்?"

இந்தக் கேள்வி எனக்கு அப்போது விளங்கவில்லை.

அவரைக் கழகத்துக்குக் கொண்டுவந்தது நான்தான். எல்லைக் கயிற்றுப் பக்கம் ஓடுவதற்கு ஆள் இல்லாமல் தவித்தோம். எங்கள் பெடியள் எல்லோரும் துடுப்பாட்ட வீரர்கள், பந்து பிடிக்க அழைத்தால் இடுப்புப் பிடித்துவிடும். கப்டன் மட்டக்களப்புப் பெடியன், மின்சார வேலை செய்பவன், உடனே சரி என்றான். கழகத் தலைவர்தான் முரண்டு பிடித்தார். பலசரக்குக் கடை வைத்திருப்பவர், பிடிவாதக்காரர்.

"இது தமிழ்க் கழகம் ஐசே. நாளைக்கு ஆராரோவெல்லாம் வந்து நிப்பினம்."

"தலைவர், நோர்வேயிலை நாங்கள் வந்து நிக்கேல்லையோ?"

"கதை நல்லாத்தான் கதைக்கிறீர். அந்தாள் ஏதும் குழப்பினால் நீர் பொறுப்போ?"

"ஓம், நான் பொறுப்பு" என்றேன்.

சீனிப் பொட்டலங்களை வைத்து நானே அவருக்குக் கிரிக்கெட் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு வாரம், மதிய இடைவேளைகளில். மட்டையை எறியக் கூடாது. அடித்தாலும் ஓடத்தான் வேண்டும் என்றில்லை. கையுறை விக்கெட் காப்பாளருக்கு மட்டும்தான். காலில் பட்டாலும் அவுட். எல்லாம் சொன்னேன் என்றுதான் நினைத்தேன்.

அவர் தன் பழைய கையுறையை முதல் ஆட்டத்துக்குக் கொண்டு வந்திருந்தார். எண்ணெய் போட்டுப் போட்டுக் கறுத்த தோல். அது வேண்டாம் என்றதும் என் நாற்காலிக்குக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் அது அங்கேதான் இருந்தது. அந்த முதல் ஆட்டத்தில் பந்தை அடித்தவுடன், சொல்லிக் கொடுத்ததையெல்லாம் மறந்து மட்டையைச் சுழற்றி எறிந்துவிட்டு ஓடினார். மட்டை போய் நடுவரின் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. நடுவர் சென்னையிலிருந்து வந்த பொறியியலாளர். எந்தக் கழகத்தையும் சேராதவர் என்பதால் எல்லோரும் அவரைத்தான் அழைப்பார்கள். "பேட்டைத் தூக்கிப் போடக் கூடாது சார்" என்று காலைத் தடவிக்கொண்டே சொன்னார். எங்கள் ஆள் ஓட்டத்தைப் பாதியில் விட்டுத் திரும்பி வந்து மூன்று தரம் குனிந்தார். அதற்குள் ரன் அவுட்.

பந்து பிடிக்க நின்றால் கதை வேறு. யார் எந்தப் பக்கம் எறிந்தாலும், பந்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும், அவர் கோடியிலிருந்து ஓடிவந்து எறிதலுக்கு நேர் பின்னால் நிற்பார். பிறகு திரும்பி நடப்பார். ஒரு ஆட்டத்தில் இது நூறு தரம் நடக்கும். பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "உந்தாளை நிக்கச் சொல்லும் ஐசே, பாக்கிற எனக்கே களைக்குது" என்றார் தலைவர். கப்டன் போய்ச் சொன்னான். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பந்துக்கும் ஓடினார். மூன்றாவது ஆட்டத்தில் எங்கள் விக்கெட் காப்பாளர் ஒரு எறிதலைத் தவறவிட்டான். நான்கு ஓட்டம் என்று என் பேனை எழுதப் போயேவிட்டது. பந்து அவருடைய கையில் இருந்தது. அன்று மைதானத்தில் யாரும் சிரிக்கவில்லை. தலைவர் மட்டும் குருட்டு அதிர்ஷ்டம் என்றார்.

அவர் எங்களுக்குச் சொல்லித் தந்ததும் ஒன்று உண்டு. ஒருநாள் ஒரு கட்சுக்கு எங்கள் இரண்டு பெடியள் எதிரெதிரே ஓடி மண்டையோடு மண்டை மோதினார்கள். ஒருவனுக்குப் பல்லுப் போனது. ஐஸ் கட்டியைச் சுற்றக் கைலேஞ்சி தேடிக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம், "பந்து தன்ரை எண்டால் என்ன சொல்லிக் கத்துவீங்கள்?" என்று கேட்டார். நாங்கள் ஒன்றும் கத்துவதில்லை, அல்லது எல்லோரும் ஒன்றாய்க் கத்துவோம். தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். 'என்ரை' என்றேன். அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெடியளை வரிசையில் நிறுத்திப் பழக்கினார். முதலில் கத்துகிறவனுக்குத்தான் பந்து. கத்தல் கேட்டால் மற்றவர்கள் விலக வேண்டும், கப்டனாக இருந்தாலும் விலக வேண்டும். பிடித்தாலும் அவனுடையது, விட்டாலும் அவனுடையது. அந்தக் கோடை முழுவதும் மைதானத்தின் கோடியிலிருந்து ஒரு கொரியக் குரல் 'என்ரை!' என்று கத்துவதும், எங்கள் பெடியள் பட்டென்று ஒதுங்குவதும் பார்க்க அழகாக இருந்தது. அந்தக் கோடைதான் நாங்கள் முதன்முதலாக இறுதி ஆட்டத்துக்கு வந்தோம்.

எதிரணி பேர்கன். கடைசி ஓவர், கடைசிப் பந்து. அவர்களுக்கு வெல்ல ஆறு ஓட்டம் வேண்டும். நாலு அடித்தாலும் கோப்பை எங்களுக்கு. முந்தின பந்தின் புள்ளியை அவசரத்தில் கோணலாகப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். பேர்கன் பெடியன் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான். பந்து மேலே போயிற்று. அவர் நின்ற பக்கம்தான்.

மட்டையில் பட்ட சத்தம் கேட்டவுடன் அவர் பந்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி ஓடத் தொடங்கினார். பந்தைப் பார்க்கவில்லை, அது விழப்போகும் இடத்தைப் பார்த்து ஓடினார். 'என்ரை!' என்ற சத்தம் கேட்டது. கடைசி நேரத்தில் திரும்பி எழும்பினார். வெறுங்கையில், ஒற்றைக் கையில், பிடித்தார். பிடித்த வேகத்தில் கயிற்றுக்கு வெளியே போய் விழுந்து, பாயில் இருந்த குடும்பத்தின் தேநீர்ப் போத்தலைத் தட்டிவிட்டு, எழும்பிப் பந்தைத் தூக்கிக் காட்டினார்.

எங்கள் பெடியள் பாதி தூரம் ஓடிப்போய் நின்றுவிட்டார்கள். நடுவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். பேர்கன் ஆட்கள் ஆடத் தொடங்கினார்கள். அவர் முதலில் தேநீர்க் குடும்பத்துக்கு இடுப்புவரை குனிந்துவிட்டு, நடுவரிடம் ஓடிவந்து பந்தை இரண்டு கைகளாலும் கொடுத்தார்.

"அவுட்."

"இல்ல சார், சிக்ஸ். பந்தோட ரோப்பைத் தாண்டிட்டீங்க. ரூல் அதுதான் சார்."

அவருக்கு விளங்கவில்லை. நடுவர் கயிற்றையும் அவருடைய காலையும் காட்டினார். அப்போது விளங்கியது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார், என் மேசையை, என்னை.  மட்டை, கையுறை, கால், ஓவர் எல்லாம் சொன்னேன். பிடித்த பந்தோடு கயிற்றைத் தாண்டக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதியை ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

 'இவர் எனக்குச் சொல்லித் தரவில்லை' என்று அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சிக்ஸ் என்று எழுதிப் புத்தகத்தை மூடினேன். அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

தலைவர் மைதானத்திலேயே தொடங்கிவிட்டார். "விட்டிருந்தால் கயித்துக்கு உள்ளை விழுந்து நாலு. கோப்பை எங்கடை கையிலை. தொட்டபடியாத்தான் ஆறாச்சு. ஆர் அந்தாளை ஓடச் சொன்னது?"

பந்து உள்ளே விழுந்திருக்குமா வெளியே விழுந்திருக்குமா என்று எங்கள் ஆட்கள் அந்த இலையுதிர் காலம் முழுக்கக் கல்யாண வீடுகளில் வாதாடினார்கள். மேசையில் இருந்து பார்த்த எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியும் என்று சொல்பவன் பொய்யன்.

தலைவர் ஒரு தீர்ப்பு வைத்திருந்தார். கழகத்தின் வருடாந்த ஒன்றுகூடலில் எங்கள் ஆள் மேடைக்கு வந்து ஒரு சொல் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் அடுத்த வருடமும் விளையாடலாம். கேட்காவிட்டால் அவர் வேண்டாம், பொறுப்பு நின்ற நான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதினொரு வருடத்துப் புத்தகம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் புத்தகத்துக்காகத்தான் நான் அவருடைய வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது அவருடைய மனைவி. அவளும் கொரியாவில் பிறந்தவள்தான், ஆனால் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஒரு நோர்வேஜியக் குடும்பம் தத்தெடுத்து வந்துவிட்டது. பெற்ற தாயைத் தேடிக் கொரியாவுக்குப் போனவள், தாயைக் காணாமல் இவரைக் கண்டுபிடித்துத் திரும்பியவள். நான் வந்த விசயத்தைச் சொன்னேன். ஒரு சொல்தானே, எனக்காகவாவது சொல்லும் என்று கெஞ்சினேன். அவர் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். பதில் சொன்னது அவள்தான்.

"உந்தச் சொல்லைச் சொல்லமாட்டன் எண்டு ஒரு நாட்டையே விட்டிட்டு வந்தவர். உங்கடை கோப்பைக்காகச் சொல்லுவார் எண்டு நினைக்கிறீரோ?"

அன்றுதான் அவர் தன் கடைசி ஆட்டத்தைச் சொன்னார். பருவத்தின் கடைசி நாள், ஒன்பதாவது சுற்று. வலது கோடியில் நிற்கிறார். பந்து அவருக்கு மிகத் தூரமாகச் சுவரை ஒட்டிப் போகிறது. யாரும் ஓட மாட்டார்கள், ஓடினாலும் எட்டாது. ஓடினார். எட்டியது. கையுறையின் நுனியில் பட்டு, சுவரில் தோள் மோதி, பந்து கீழே விழுந்தது. அணி தோற்றது. மேலே இருந்து எழுதுகிறவர் அவருடைய பெயரில் 'பிழை' என்று எழுதினார்.

"ஓடாமல் நிண்டிருந்தால்?" என்றேன்.

"அடிச்சவருக்கு நல்ல அடி எண்டு எழுதுவினம். எனக்கு ஒண்டுமில்லை. தொட்டவருக்குத்தான் பிழை."

"அநியாயம்தானே அது."

"இல்லை" என்றார் உடனே. "எழுதட்டும். தொட்டன், விட்டன். எழுதினது சரி. அடுத்தநாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டிச்சினம். 'பத்திரிகைக்காரர் வருகினம், என்ரை தவறான கணிப்பாலை தோத்தம், மன்னிக்க வேணும் எண்டு குனிஞ்சு சொல்லு' எண்டிச்சினம். கணிப்புத் தவறேல்லை. பந்து எங்கை விழும் எண்டு எனக்குத் தெரிஞ்சுதானே அங்கை நிண்டனான்? பிழை எண்டால் ஒத்துக்கொள்ளுவன். ஓடினதுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டன். கேட்டால், அடுத்த தரம் கால் யோசிக்கும்."

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வேறு அணிகளும் எடுக்கவில்லை. ஒன்பது வருடம் அத்தோடு முடிந்தது.

"உங்கடை நாட்டிலை சுவருக்கு அங்காலை விழுந்தாலும் பிடிச்சால் அவுட்டோ?" என்று கேட்டேன், கதவடியில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு.

"அவுட். சனம் எழும்பி நிண்டு கை தட்டும்." கொஞ்சம் யோசித்தார். "எனக்கு ஒருநாளும் அப்பிடி வரேல்லை. உங்கடை மைதானத்திலைதான் வந்தது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சப்பாத்து நாடாவைக் கட்டுவதுபோல் குனிந்து கொண்டேன்.

இரவு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தேன். இறுதி ஆட்டத்தின் பக்கத்தில், அடிமட்டம் வைத்து, ஓரத்தில் ஒரு புதுக் கட்டம் கீறினேன். மேலே 'பிழை' என்று எழுதினேன். கீழே கடைசிப் பந்துக்கு நேரே என் பெயரை எழுதினேன்.

ஒன்றுகூடல் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. பிள்ளைகளின் நடனம் முடிந்து, ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அவர் கோட்டுப் போட்டு, மனைவியோடு வந்திருந்தார். வரமாட்டார் என்று பந்தயம் கட்டியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தலைவர் ஒலிவாங்கியில் அழைத்ததும் எழும்பி நேரே மேடைக்குப் போனார். நொர்ஸ்க்கில், மெதுவாக, எல்லோருக்கும் விளங்கும்படி சொன்னார்.

"பந்தைப் பிடிச்சன். கயிறு எனக்குத் தெரியாது. இப்ப தெரியும். அடுத்த தரமும் ஓடுவன்."

அவ்வளவுதான். 

"அந்தச் சொல்லைச் சொல்லும்" என்றார் தலைவர்.

"இல்லை."

"ஐசே, சொல்லப்போறீரோ, இல்லையோ?"

"இல்லை."

என் கால்கள் என்னைக் கேட்காமலே எழும்பின. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு நடந்தேன். இல்லை, ஓடினேன். ஒலிவாங்கி எனக்குத் தேவைப்படவில்லை.

"கயித்தைப் பற்றி இவருக்குச் சொல்லிக் குடுக்காமல் விட்டது நான்! நான்தான் படிப்பிச்சனான், நான்தான் மறந்தனான். இவர் உங்களிலை ஒருத்தருக்கும் அதைச் சொல்லேல்லை. பிழை வேணுமெண்டால் இஞ்சை இருக்கு, என்ரை கையெழுத்திலை, என்ரை பேரிலை. இந்தாருங்கோ தலைவர், வாசியுங்கோ. புத்தகத்தையும் நீங்களே வைச்சிருங்கோ!"

புத்தகத்தை விரித்து மேசையில் போட்டேன். தலைவர் வாசித்தார். கப்டன் எட்டிப் பார்த்தான். அவரும் வந்து பார்த்தார். தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனால் அந்தக் கட்டம் என்ன கட்டம் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அதை வெகுநேரம் பார்த்தார். விரலால் என் பெயரைத் தொட்டு, "இது நீரோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"நீர் எங்கை ஓடினனீர்? கதிரையிலை எல்லோ இருந்தனீர்."

என் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். என் பெயரை, அந்தத் தொழிற்சாலைத் தாளில் வெட்டியதுபோலவே, ஒரே கோட்டால் வெட்டினார். "புத்தகத்திலை கிறுக்க வேண்டாம்" என்று தலைவர் பேனையைப் பறிக்கக் கையை நீட்டினார். நானும் தடுக்கக் கையை நீட்டினேன். கப்டனும் நீட்டினான்.

அவர் நிமிர்ந்தார். கூரை அதிர, மைதானத்தின் கோடியிலிருந்து கத்துவதுபோலவே கத்தினார்.

"என்ரை!"

சோற்றுத் தட்டோடு நின்ற பெடியள் அத்தனை பேரும் ஓர் அடி பின்னால் வைத்தார்கள். கப்டனுடைய கை தானாகக் கீழே போனது. என்னுடையதும் போனது. தலைவர் கடையைத் தவிர எங்கும் ஓடாத மனிதர், அவரும் விலகினார்.

அடுத்த கோடையில் அந்த அணியில் அவரும் இல்லை, நானும் இல்லை. பிறகு அவருடைய மனைவிக்கு ஸ்தவாங்கரில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். அதெல்லாம் பிந்திய கதை. அன்று மண்டபத்தில் ஒருவரும் அசையாமல் நிற்க, அவர் குனிந்து, நான் கீறிய கட்டத்துக்குள், தன் பெயரைத் தன்னுடைய மொழியில், எழுத்தெழுத்தாக, அவசரப்படாமல் எழுதினார்.